பொருள் எங்கே, பார்வை எங்கே?

அரசுக் கடிதம் எழுதிப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். மேலே அனுப்புநர், பெறுநர். அதன் கீழே 'பொருள்'. அதற்கும் கீழே 'பார்வை'. எதைப் பற்றிய கடிதம், இதற்கு முன் என்ன கடிதப் போக்குவரத்து நடந்தது என்பது அதிகாரிக்கு ஒரே பார்வையில் புரிந்துவிடும். விவரமெல்லாம் அதற்குப் பிறகுதான். முப்பது வருடத்துக்கு மேல் எழுத்தராகக் காலம் தள்ளிய எனக்கு, இன்றைய வலைத்தளங்களைத் திறக்கும்போதெல்லாம் ஒன்றுதான் கேட்கத் தோன்றுகிறது. ஐயா, பொருள் எங்கே? பார்வை எங்கே?

திறந்தவுடன் என்ன வருகிறது? பெரிய படம் ஒன்று. அதைப் படிப்பதற்குள் அது நகர்ந்து அடுத்த படம். மேலே ஓடும் எழுத்து. நம் கண்ணைவிட வேகமாக ஓடுகிறது. குக்கீக்குச் சம்மதமா என்று ஒரு பெட்டி, நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா என்று இன்னொரு பெட்டி, உதவி வேண்டுமா என்று மூலையில் ஒரு பொம்மை. நமக்கு வேண்டிய படிவம் மட்டும் கண்ணில் படாது. உப்பு வாங்க வந்தவனுக்கு வாசலில் மேளம் கொட்டி, மாலை போட்டு, பன்னீர் தெளித்து, கடைசிவரை உப்பு எந்த மூலையில் என்று சொல்லாத கடை இது.

குறைவாக வைத்தால் ஏழ்மையாகத் தெரியும் என்று இவர்கள் நினைக்கிறார்கள். நான் சொல்கிறேன், குறைவாக வைப்பது வந்தவருக்குச் செய்யும் மரியாதை. அவருடைய நேரத்துக்கும் கண்ணுக்கும் டேட்டாவுக்கும் கொடுக்கும் மரியாதை.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அங்கே 'ரெஸ்யுமே' என்று ஒரு பயிற்சி உண்டு. நீண்ட ஒரு பகுதியைக் கொடுத்து, கருத்து கெடாமல் கால் பங்காகச் சுருக்கு என்பார்கள். நீட்டி எழுதுவது சுலபம், எதை விடலாம் என்று தீர்மானிக்கத்தான் விஷயம் புரிந்திருக்க வேண்டும் என்பதை அங்கேதான் படித்தேன். வலைத்தளத்துக்கும் இதே கதைதான். எது முக்கியம் என்று தீர்மானிக்கத் தைரியம் இல்லாதவர்கள்தான் எல்லாவற்றையும் முகப்பில் கொட்டுகிறார்கள்.

சான்று இல்லாமல் பேசவில்லை. உலகின் முதல் வலைத்தளம் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கி, 1991 இல் பொதுவெளிக்கு வந்தது. படம் கிடையாது. வெறும் எழுத்து, தொட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகும் இணைப்புகள், அவ்வளவுதான். 2013 இல் செர்ன் அதைப் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தது. இன்றைய கைபேசியிலும் அது சட்டென்று திறக்கிறது. நேற்று முளைத்த எத்தனை தளங்கள் இப்படித் திறக்கின்றன?

அதற்கும் முன்னால் பிரான்சில் மினிடெல் இருந்தது. எங்கள் புதுச்சேரியில் பல குடும்பங்களுக்கு அங்கே உறவினர் உண்டு. போய் வந்தவர்கள் வியந்து சொல்வார்கள். தொலைபேசியோடு இணைத்த சின்னத் திரை. ஒரு வரிக்கு 40 எழுத்து, மொத்தம் 25 வரி. அதற்குள் தொலைபேசி எண் தேடினார்கள், ரயில் டிக்கெட் பதிவு செய்தார்கள், வங்கிக் கணக்குப் பார்த்தார்கள். 1980களில் தொடங்கி 2012 ஜூன் 30 வரை அது ஓடியது. இடம் குறைவு, ஆகவே வேண்டாததற்கு இடமே இல்லை.

கூகுளை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் இறுதியில் யாகூ முகப்பில் செய்தி, வானிலை, பங்குச் சந்தை என்று சந்தைக் கூட்டம். கூகுள் ஒரு வெள்ளைத் தாளும் ஒரு பெட்டியும் வைத்தது. வென்றதற்குப் பல காரணம் இருக்கலாம். முகப்பில் ஒன்றும் இல்லை என்று எவரும் அதை விட்டு ஓடவில்லை என்பது நிச்சயம்.

அதெல்லாம் கம்பெனிக்குச் சரி, அரசாங்கத்துக்குக் கம்பீரம் வேண்டாமா என்று ஒரு நண்பர் கேட்டார். பிரிட்டிஷ் அரசைவிடக் கம்பீரம் பார்ப்பவர்கள் யார்? அவர்களே 2012 இல் பழைய தளங்களை மூடிவிட்டு 'கவ் டாட் யூகே' என்ற ஒரே தளத்தைத் திறந்தார்கள். வெள்ளைப் பின்னணி, பெரிய கறுப்பு எழுத்து, எளிய வாக்கியம். மறு ஆண்டே லண்டன் டிசைன் மியூசியத்தின் அந்த ஆண்டுக்கான சிறந்த வடிவமைப்பு விருது அதற்குக் கிடைத்தது. அலங்காரத்தை எடுத்ததற்கு அலங்காரக் கலைஞர்களே கொடுத்த பரிசு!

ஆபத்து வரும்போது உண்மை இன்னும் பளிச்சென்று தெரியும். 2017 இல் இர்மா புயல் ஃபுளோரிடாவைத் தாக்கியபோது சி.என்.என்., என்.பி.ஆர். இரண்டும் தங்கள் வெறும் எழுத்துப் பக்கங்களுக்கு மக்களை அனுப்பின. சிக்னல் நொண்டும் நேரத்தில் எழுத்துதான் போய்ச் சேரும். புயலுக்குப் பழகிய நம் கடலோர ஊர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே இன்னொரு கூட்டத்தையும் கண்டித்தாக வேண்டும். இவர்கள் எளிமை என்ற பெயரில் ஒளித்து வைப்பவர்கள். பட்டியல் முழுவதையும் மூன்று கோட்டுக்குள் மறைத்துவிடுவார்கள். அந்த மூன்று கோடு என்னவென்று எழுபது வயதுக்காரருக்கு யார் சொல்வது? வெள்ளைத் தாளில் வெளிர்ச் சாம்பல் எழுத்து. பொத்தானுக்குப் பெயர் கிடையாது, ஒரு சித்திரம் மட்டும். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2008 இலேயே சொல்லிவிட்டது: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்று. கண்புரை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருப்பவர்களிடம் கேளுங்கள், அந்த எண்ணின் அருமை தெரியும். வேண்டாததை எடுப்பதுதான் எளிமை. வேண்டியதை ஒளிப்பதற்குப் பெயர் வேறு.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? வருடா வருடம் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்காவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். வீட்டிலிருந்தே கைபேசியில் முடிக்கலாம் என்று சொல்கிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் எந்தப் பொத்தான் என்று தெரியாமல், குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாள் ஒருவர் பிரவுசிங் சென்டருக்குப் போய்க் காசு கொடுத்து, தன் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் முன்பின் தெரியாத பையனிடம் ஒப்பிக்கிறார். ஒரு பக்கத்தில் பத்துப் பொருள் கூடுதலாக இருந்தால் அதற்கான விலையை இப்படிப்பட்டவர்கள்தான் கட்டுகிறார்கள். பார்வையற்றவர்கள் கைபேசி வாசித்துச் சொல்வதைக் கேட்டு வேலை செய்கிறார்கள். பெயரில்லாத சித்திரத்தை அது எப்படி வாசிக்கும்?

அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகையில் தங்க மை ஊற்றுங்கள், யார் தடுத்தார்கள்? வேலை முடித்துப் போக வந்தவருக்குக் கவுண்டர் வேண்டும், தேர் வேண்டாம்.

தளத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். கான்ஃபரன்ஸ் ஹாலில் பெரிய திரையில் பார்த்துக் கைதட்டி ஒப்புதல் கொடுக்காதீர்கள். உங்கள் தாயார் கையில் ஒரு பழைய கைபேசியைக் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், வாய் திறக்காதீர்கள். அவர் தானாகப் படிவத்தைக் கண்டுபிடித்து அனுப்பி முடித்தால் கையெழுத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.