மின்மானியின் திறவுகோல் யார் கையில்?

வீட்டுச் சுவரில் மாட்டிய மின்மானியைப் பற்றி அரசியற் பத்திரிகையில் எழுதுவதா என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். மாதம் ஒருமுறை வாயிலில் நின்று இலக்கத்தைக் குறித்துச் சென்ற மானி வாசிப்பாளரின் காலம் உலகெங்கும் முடிந்து வருகின்றது. புதிய மானி தானே பேசுகின்றது. கால் மணிக்கு ஒருமுறை நமது பாவனையைக் கணக்கிட்டுத் தலைமையகத்துக்கு அறிவிக்கின்றது. இத்தகைய மானிகள் பல, அங்கிருந்து வரும் ஒரு கட்டளைக்குப் பணிந்து வீட்டின் இணைப்பையே துண்டிக்கவும் வல்லன. அப்பேச்சையும் அக்கட்டளையையும் அந்நியர் கேளாதவாறும் மாற்றாதவாறும் மறைகுறியாக்கம் செய்தல் வேண்டும் என்கின்றனர் பொறியியலாளர். மறுப்பார் யார்?

உக்ரைன் நாட்டில் நிகழ்ந்ததை நோக்குவோம். 2015 டிசம்பர் 23ஆம் நாள் அந்நாட்டின் மூன்று மின்விநியோக நிறுவனங்களுள் கணினி வழியாகப் பகைவர் புகுந்தனர். கட்டுப்பாட்டறையில் இருந்தோர் பார்த்திருக்கவே திரையிலுள்ள சுட்டி தானாக நகர்ந்து, உபநிலையங்களின் ஆளிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தது. ஏறத்தாழ 2,25,000 பாவனையாளர் மாரிக்குளிரில் மணிக்கணக்காக இருளில் இருந்தனர். மறு ஆண்டு டிசம்பரில் கீவ் நகரின் உபநிலையம் ஒன்று தாக்கப்பட்டது. அவ்வேளை ஏவப்பட்ட தீநிரல் மின்நிலையங்களின் சொந்த மொழியிலேயே கட்டளையிட்டது. பல்லாண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்ட அம்மொழியில், பேசுபவன் யார் என்று கேட்கும் வழக்கமே கிடையாது. சொன்னவன் எவனாயினும் ஆளி திறக்கும்!

ஆயின், மறைகுறியாக்கம் ஒன்றே மருந்து என்று கூறி முடிப்பாரோடு நாம் உடன்படோம். 2015ஆம் ஆண்டுத் தாக்குதலில் பகைவர் பூட்டை உடைக்கவில்லை. ஊழியருக்கு வஞ்சக மின்னஞ்சல் அனுப்பி, மாதக்கணக்கில் உள்ளே பதுங்கியிருந்து, கடவுச்சொற்களைத் திருடி, முறையான வாயிலாலேயே நுழைந்தனர். படலையின் சாவி கள்வன் மடியில் இருக்க, வேலியை உயர்த்தி ஆவதென்ன? 2014இல் ஸ்பெயின் நாட்டு மின்மானிகளை ஆராய்ந்த இருவர் கண்டதும் இத்தகையதே: மறைகுறியாக்கம் இருந்தது, ஆனால் மானிகள் பலவற்றுக்கும் திறவுகோல் ஒன்றாகவே இருந்தது. ஒரு வீட்டின் பூட்டைக் கற்றவனுக்கு ஊரெல்லாம் திறந்த வீடு.

இதுவரை கள்வனைப் பற்றியே பேசினோம். திறவுகோலைச் சட்டப்படி வைத்திருப்பவனைப் பற்றிப் பேசுவார் குறைவு. சட்டம் பயின்றோர் கவலையெல்லாம் அங்கேதான் தொடங்குகின்றது. கால் மணிக் கணக்கைக் கையில் வைத்திருப்பவன், வீட்டார் எப்போது உறங்கினர், எப்போது வெளியூர் சென்றனர், நள்ளிரவில் எந்த வீட்டில் விளக்கெரிந்தது என்பவற்றை எளிதில் அறிவான். ஐக்கிய அமெரிக்காவில் இல்லினோய் மாநிலத்து நேப்பர்வில் நகரசபை இத்தகைய மானிகளைப் பொருத்தி, விபரங்களை மூன்றாண்டு வரை சேமித்து வந்தது. அதனை எதிர்த்துக் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 2018 ஆகஸ்ட் மாதம் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம், இவ்வாறு விபரம் திரட்டுதல் அரசியலமைப்பின் கருத்தில் ஒரு சோதனையே எனத் தீர்த்தது. வழக்குத் தொடரும் நோக்கமின்றி மின்சேவைக்காகத் திரட்டியமையால் அது நியாயமான சோதனை என்று நகரசபையை விடுவித்தது வேறு கதை. நோக்கம் மாறினால் முடிபும் மாறலாம் என்பதையும் நீதிமன்றம் மறைக்கவில்லை.

நெதர்லாந்து மக்கள் இதனினும் மேலே சென்றனர். மானியை ஏற்க மறுப்போருக்கு 17,000 யூரோ வரை தண்டம், அன்றேல் ஆறுமாதச் சிறை என்று வரைந்து வந்த மசோதாவை 2009 ஏப்ரலில் அந்நாட்டு மூதவை தடுத்து நிறுத்திற்று. பின்னர், வேண்டாம் என்று மறுக்கும் உரிமையோடுதான் சட்டம் நிறைவேறியது. மூதவைகள் வீணென்போர் இதனை ஒருகணம் சிந்திப்பாராக.

இலங்கையிலும் கொழும்பை அண்டிய பகுதிகளில் இம்மானிகள் வரத் தொடங்கிவிட்டன. நாளை வடக்குக் கிழக்குக்கும் வரும். வரவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1990இல் மின்னிணைப்பு அறுபட்டபின் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட யாழ்ப்பாணத்து மக்களுக்கு மின்சாரத்தின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆளி பிறர் கையில் இருப்பதன் பொருளையும் கற்பிக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டே எனலாம். தேசிய பாதுகாப்பு என்னும் விதிவிலக்கும் அச்சட்டத்தில் உண்டு. அச்சொல் எத்துணை இழுபடும் என்பதைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் நீதிமன்ற வாயிலில் காத்துக்கிடந்த தாய்மாரைக் கேட்டறியலாம்.

ஆகவே அரசாங்கத்தாரிடம் நாம் கேட்பது இது. மானிக்கு மானி வெவ்வேறு திறவுகோல் இடப்படல் வேண்டும். பொலிசாரோ படையினரோ இவ்விபரங்களைக் கோரின், நீதவானின் எழுத்து மூலக் கட்டளை இன்றிக் கொடுத்தலாகாது. தூரத்திலிருந்து ஒரு வீட்டின் இணைப்பைத் துண்டிக்குமுன் வீட்டாருக்கு அறிவித்தல் தமிழ் பேசுவோருக்குத் தமிழிலேயே கிடைத்தல் வேண்டும். இவை பொறியியலாளரின் கைந்நூலிலன்றி, பாராளுமன்றம் இயற்றும் சட்டத்தில், முதல் மானி நமது சுவரில் ஏறுமுன் எழுதப்படல் வேண்டும்.