கோயெல் குடிக்கும் புளிப்புத் தண்ணீர்

கொல்கத்தாவில் புதிதாகக் குடியேறும் தமிழர் சந்தையில் ஒரு தடவையாவது திடுக்கிடுவார். புள்ளி போட்ட குட்டி முட்டைகளைக் காட்டி, "கோயெலேர் டிம்" என்பார் கடைக்காரர். குயில் முட்டை இல்லை. வங்காளிகளுக்குக் குயில் என்பது கோகில். கோயெல் என்றால் காடை.

பண்ணைகளில் வளர்வது ஜப்பானியக் காடை. இந்தியாவுக்கு 1974இல் வந்தது. ஐந்து வாரத்தில் இறைச்சிக்குத் தயார், ஆறேழு வாரத்தில் முட்டை. இடமும் முதலும் அதிகம் வேண்டாம் என்பதால் மொட்டை மாடியில்கூட வளர்க்கிறார்கள். குஞ்சு விற்கிறவர்கள் கூடவே ஒரு வாக்குறுதியையும் விற்கிறார்கள்: "காடைக்கு நோயே வராது."

வரும். கோழியைவிடக் காடை திடமானதுதான். ஆனால் குடலில் புண் உண்டாக்கிக் கூட்டத்தையே சாய்க்கும் ஒரு பாக்டீரியா நோய்க்கு மருத்துவ நூல்கள் வைத்திருக்கும் இன்னொரு பெயரே 'காடை நோய்'. எச்சம் கலந்த தீவனமும் தண்ணீரும் அதைப் பரப்பும்.

நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆன்டிபயாடிக் கொடுத்து வைப்பது பறவைப் பண்ணைகளின் பழைய வழக்கம். அதன் பில் மனிதர்களுக்கு வந்தது. வேறு எதற்கும் மசியாத கிருமிகளுக்காக மருத்துவமனைகள் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின், கோழித் தீவனத்தில் போய்க்கொண்டிருந்தது. 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதற்குத் தடை போட்டது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்ப்பதை ஐரோப்பிய யூனியன் 2006லேயே நிறுத்திவிட்டது.

அந்த இடத்துக்கு வந்தவைதான் ஃபார்மிக், புரோபியோனிக், லாக்டிக், சிட்ரிக் போன்ற கரிம அமிலங்கள். எலுமிச்சை ஊறுகாய் ஏன் சீக்கிரம் கெடுவதில்லை என்று தெரிந்த வீட்டுக்குப் பாதி விஷயம் தெரியும். சிதையாத அமில மூலக்கூறு பாக்டீரியாவின் உறைக்குள் நுழைந்து, உள்ளே போய்ச் சிதைகிறது. சேர்ந்துவிட்ட அமிலத்தை வெளியே இறைத்து இறைத்தே கிருமி களைத்துப்போகிறது. சால்மொனெல்லா, ஈ-கோலை போன்றவை இதில் அடிபடும். தயிரில் இருக்கும் வகை நல்ல பாக்டீரியாக்கள் புளிப்பிலேயே பிழைக்கக்கூடியவை.

அதற்காக இது சர்வரோக நிவாரணி அல்ல. காடைகளிடம் செய்த சோதனைகளில் சிலவற்றில் எடை கூடியது, சிலவற்றில் பெரிய மாற்றமில்லை. சுத்தமான பண்ணையில் அமிலம் சாதிக்க அதிகம் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று தண்ணீர். கங்கைச் சமவெளியின் ஆழ்குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது. ஊற்றுகிற அமிலத்தில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். 'லிட்டருக்கு ஒரு மூடி' கணக்கு இங்கே எடுபடாது. பி.எச். தாளை நனைத்துப் பார்ப்பதே வழி. 4க்குக் கீழே போனால் பறவைகள் குடிப்பதைக் குறைத்துவிடும். தகரத் தொட்டி அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு அமிலத்தைக் கலந்தாலோ குளோரின் வாயு கிளம்பி, கலக்கியவரையே மூச்சுத் திணறவைக்கும்.

பறவைகள் சாகத் தொடங்கிய பிறகு அமிலக் கேனைத் தேடுவது வீண். செத்ததை அறுத்துப் பார்க்கக் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். 1893இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி நகருக்குள்ளேயே, பெல்காச்சியாவில் இருப்பது கொல்கத்தாக்காரர்களுக்கு ஒரு வசதி.

முதல் வாரத்தில் மட்டும் ஆபத்து வேறு. எட்டு கிராம்கூடத் தேறாத குஞ்சு தண்ணீர்த் தட்டில் விழுந்தே செத்துப்போகும். அதற்கு வைத்தியம், தட்டு நிறையக் கோலிக் குண்டுகள்.