இது நம்ம ஊர் இல்லையே பாஸ்!

ராமேஸ்வரத்துப் பையன் ஒருத்தன். இரண்டாம் உலகப் போர் நேரம். ராமேஸ்வரம் ஸ்டேஷன்ல ரயில் நிற்காதுன்னு சொல்லிட்டாங்க. பேப்பர் கட்டை என்ன பண்றது? ஓடுற ரயில்ல இருந்து தூக்கி வீசுவாங்க. பேப்பர் ஏஜென்ட்டா இருந்த அண்ணன் முறைக்காரர் சம்சுதீனுக்காக அந்தக் கட்டுகளைப் பிடிக்கிறதுதான் அவன் வேலை. அவன் வாழ்க்கையோட முதல் சம்பளம் அதுதான். பையன் யாருன்னு கண்டுபிடிச்சிருப்பீங்க... அப்துல் கலாம்! ‘அக்னிச் சிறகுகள்’ படிச்சவங்களுக்கு இந்தக் கதை தெரியும்.

தெரியாத கதை ஒண்ணு இருக்கு. அந்தப் பேப்பர்ல தலைப்புச் செய்தியா வந்த லண்டன்ல, அதே நேரத்துல நம்ம சென்னைல படிச்சவர் ஒருத்தர் என்ன பண்ணிட்டு இருந்தார் தெரியுமா?

பேரு வி.கே.கிருஷ்ண மேனன். கோழிக்கோட்டுக்காரர். சென்னை பிரசிடென்சி காலேஜ் ஸ்டூடன்ட். 1924-ல் லண்டன் போனவர், அங்கேயே தங்கிட்டார். ‘இந்தியா லீக்’ அமைப்பின் செயலாளரா இருந்து, ‘இந்தியாவுக்கு விடுதலை கொடு’ன்னு பிரிட்டிஷ்காரங்க ஊர்லயே மேடை போட்டு முழங்கியவர். பிரிட்டிஷ் உளவுத்துறை சும்மா இருக்குமா? அவரை விடாமல் கண்காணிச்சுது.

1940 செப்டம்பர் 7. ஜெர்மன் விமானங்கள் லண்டன் மேல குண்டு போட ஆரம்பிச்சன. தொடர்ந்து 57 இரவுகள்! மேனன் கவுன்சிலரா இருந்த செயின்ட் பேங்க்ரஸ் பகுதியில கிங்ஸ் கிராஸ், யூஸ்டன் மாதிரி பெரிய ரயில் நிலையங்கள் இருந்தன. குண்டு விழ இது போதாதா? அந்தப் பகுதியிலதான் நம்ம ஆள் விமானத் தாக்குதல் வார்டனா தொண்டு செஞ்சார். பகல்ல ‘இந்தியாவை விட்டுப் போ’. ராத்திரில ‘விளக்கை அணைங்க, பதுங்கிடத்துக்குப் போங்க’!

இங்கேதான் நமக்கு ஒரு கேள்வி வருது. ‘என்னை அடிமையா வச்சிருக்கிறவன் வீடு எரிஞ்சா எனக்கென்ன?’ன்னு அவர் கேட்டிருக்கலாம் இல்லையா?

அமெரிக்கர்களுக்கும் இதே கேள்விதான். அப்போ அமெரிக்கா போர்லயே இல்லை. 1941 டிசம்பர் வரைக்கும் நடுநிலை நாடு. லண்டன்ல இருந்த அமெரிக்கத் தூதர் ஜோசப் கென்னடி, ‘கிளம்பி ஊருக்குப் போங்க’ன்னு தன் நாட்டுக்காரங்களுக்குச் சொல்லிட்டார். நிறைய பேர் கப்பலேறினாங்க. ஆனா சிலர் போகலை. 1940-ல் லண்டன் ஊர்க்காவல் படையான ‘ஹோம் கார்டு’ல அமெரிக்கர்களுக்குன்னே தனி அணி ஒண்ணு உருவாச்சு. முதல் உலகப் போரைப் பார்த்த வேட் ஹேய்ஸ் என்பவர்தான் தலைவர். வேற சிலர் ஆம்புலன்ஸ் ஓட்டினாங்க.

இதுக்கெல்லாம் முன்னோடி யார்னா... நம்ம ஆட்கள்தான்!

1899. தென்னாப்பிரிக்காவுல பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் சண்டை. காந்தியோட மனசு போயர்கள் பக்கம்தான் இருந்துச்சு. அவரே எழுதியிருக்கார். ஆனா, ‘இந்த அரசுகிட்ட உரிமை கேட்கிற நாம, ஆபத்து நேரத்துல கடமையையும் செய்யணும்’னு முடிவெடுத்தார். முதல்ல பிரிட்டிஷ் அதிகாரிகள் வேண்டாம்னுட்டாங்க. இந்தியர்கள் பயந்தாங்கொள்ளிகள்னு நினைப்பு. அப்புறம் அவங்களே கூப்பிட வேண்டி வந்தது. சுமார் 1,100 பேர் ஆம்புலன்ஸ் படையில சேர்ந்தாங்க. அதுல 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். சென்னைத் துறைமுகத்துல இருந்து கப்பலேறிப் போன தமிழர்கள், தெலுங்கர்கள் வாழ்ந்த பூமி அது. காயம்பட்ட சிப்பாயை ஸ்ட்ரெச்சர்ல தோள் மேல சுமந்துகிட்டு ஒரு நாளைக்கு 20, 25 மைல் நடந்திருக்காங்க!

அதே போர்ல லேடிஸ்மித் நகரம் 118 நாள் முற்றுகையில கிடந்துச்சு. ஊருக்கு வெளியே குன்று மேல எதிரியோட பீரங்கி. பிரபு சிங்ன்னு ஒரு ஒப்பந்தத் தொழிலாளி மரத்து மேல உட்கார்ந்திருப்பார். பீரங்கி வாயில தீ தெரிஞ்சதும் மணியடிப்பார். குண்டு வந்து விழறதுக்குள்ள ஊர் சனம் பதுங்கிடும். சைரன் இல்லாத காலத்து சைரன் அவர்!

சரி, இவங்களுக்கு என்ன கிடைச்சுது? காந்திக்கும் முன்னணித் தொண்டர்கள் சிலருக்கும் பதக்கம் கிடைச்சுது. பிரபு சிங்குக்கு வைஸ்ராய் மனைவி லேடி கர்சன் ஒரு அங்கி அனுப்பினாங்க. ஆனா கூலித் தொழிலாளி தலை மேல இருந்த மூணு பவுண்டு வரி? அது 1914-ல்தான் ஒழிஞ்சுது. அதுக்கும் சத்தியாகிரகம் பண்ணி ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்துச்சு. மேனனுக்கும் அப்படித்தான். உளவுத்துறை அவர் ஃபைலை மூடலை.

‘அப்போ ஏமாந்துட்டாங்களா?’ன்னு கேட்காதீங்க. மேனன் தன் முழக்கத்தை ஒரு நாள்கூட நிறுத்தலை. அரசாங்கத்தோட சண்டை வேற, பக்கத்து வீட்டுப் பாட்டியோட உயிர் வேறன்னு அவருக்குத் தெளிவா தெரிஞ்சிருந்துச்சு. 1955-ல் அதே செயின்ட் பேங்க்ரஸ் நகராட்சி தன் உயரிய கௌரவத்தை அவருக்குக் கொடுத்துச்சு. அவருக்கு முன்னாடி அதை வாங்கினவர் பெர்னார்ட் ஷா!

அந்த வார்டன் வேலையில முக்கியமானது எது தெரியுமா? ஹெல்மெட்டோ விசிலோ இல்லை. தன் தெருவுல எந்த வீட்டுல எத்தனை பேர், யார் எந்த இடத்துல தூங்குறாங்கன்னு தெரிஞ்சு வச்சிருக்கிறது. வீடு இடிஞ்சா மீட்புக் குழு எங்கே தோண்டணும்னு அவர்தான் சொல்லணும்.

இப்போ சொல்லுங்க. உங்க ஹாஸ்டல்ல எதிர் ரூம்ல இருக்கிறவன் பேர் தெரியுமா? நீங்க வாடகைக்கு இருக்கிற வீட்டுக்குக் கீழ்வீட்டுல நடக்க முடியாத பெரியவர் யாராவது இருக்காங்களா?

‘நான் படிக்க வந்தவன். மூணு வருஷத்துல போயிடுவேன்’னு சொல்றீங்களா? போர் தூரத்துலதான் நடக்குதுன்னு நம்ம கடற்கரையும் நினைச்சிருக்கும். 1942 ஏப்ரல் 5-ல் கொழும்பு மேல ஜப்பான் குண்டு விழுந்துச்சு. மறுநாள் விசாகப்பட்டினம். 1943 அக்டோபர்ல சென்னை. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிக்கு வந்தது போர் இல்லை, புயல். ரயிலோட இருந்தவங்களையும் கடல் கொண்டு போச்சு. யாத்திரை வந்தவர், உள்ளூர்க்காரர்னு அலை பார்த்துச்சா?

பாம்பன்ல, மண்டபத்துல கடலுக்குப் போற அண்ணன்களைக் கேட்டுப் பாருங்க. எந்தப் படகுல யார் போனாங்க, எது இன்னும் கரை திரும்பலைன்னு கரையில இருக்கிறவங்களுக்குத் தெரியும். வார்டன் வேலையும் இதுதானே? அதே மண்டபத்துல முகாம்ல இருக்கிற இலங்கைத் தமிழர்களும் அந்தக் கடலைத் தாண்டி வந்தவங்கதான்.

உங்க காலேஜ்ல என்.எஸ்.எஸ். இருக்கும். இரண்டு வருஷத்துல 240 மணி நேரம். சர்டிஃபிகேட்டுக்காக இல்லாம, அதுல பத்து மணி நேரத்தை முதலுதவி கத்துக்கச் செலவு பண்ணுங்க. அதுக்கு முன்னாடி, இன்னிக்கு சாயங்காலமே ஒரு வேலை. எதிர் ரூம் கதவைத் தட்டுங்க. ‘உன் பேரு என்ன நண்பா?’ன்னு கேளுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்!