நூறு நாள் வேலை: நாள்களை மட்டும் எண்ணினால் போதுமா?



நிலக்கோட்டைப் பகுதியில் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் பொழுது விடியும் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. மொட்டு விரிவதற்குள் பறிக்க வேண்டும். பறித்ததைக் காலையிலேயே பூ மார்க்கெட்டில் சேர்க்க வேண்டும். ஆள் வரவில்லை என்றால் அன்றைய பூ செடியிலேயே மலர்ந்து வீணாகிவிடும். "எல்லாரும் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டால் எங்களுக்கு யார் பூ பறிப்பது?" என்பது தோட்டக்காரர்களின் மனக்குறை. "தோட்டத்தில் என்றைக்கு வேலை இருக்கும் என்று சொல்ல முடியாது, இந்தக் கூலி வந்தால்தான் கடைக்கடனை அடைக்க முடியும்" என்பது வேலைக்குச் செல்லும் தாய்மாரின் நிலை. ஞாயிறு திருப்பலிக்கு இரு தரப்பினரும் ஒரே ஆலயத்திற்குத்தான் வருகிறார்கள். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எனவேதான் இன்று நாட்டில் நடக்கும் விவாதத்தை நாம் பொறுமையோடு புரிந்துகொள்ள வேண்டியுள்ளது.

தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-இல் நிறைவேறியது. 2006 பிப்ரவரி 2 அன்று நாட்டின் 200 மாவட்டங்களில் திட்டம் தொடங்கியபோது, தமிழகத்தில் தேர்வான 6 மாவட்டங்களுள் நமது திண்டுக்கல்லும் ஒன்று. 2008 முதல் அது நாடு முழுவதும் விரிவடைந்தது. 2009-இல் மகாத்மா காந்தியின் பெயரைப் பெற்றது. கேட்ட 15 நாள்களுக்குள் வேலை, தராவிட்டால் வேலையின்மைப் படி, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான கூலி என்பவை அச்சட்டத்தின் உயிர்நாடி. அரசு மனமிரங்கிக் கொடுக்கும் உதவி என்றில்லாமல், ஏழை கேட்டுப் பெறும் உரிமையாக அது வேலையை மாற்றியது.

இதன் பயனைப் புள்ளிவிவரங்களும் காட்டுகின்றன. தமிழகத்தில் இவ்வேலைக்கு வருபவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் மேல் பெண்கள். 2006-இல் 80 ரூபாயாக இருந்த தமிழகத்தின் நாள் கூலி, 2025-26 நிதியாண்டில் 336 ரூபாய். 2020-இல் கொரோனா ஊரடங்கால் நகரங்களில் வேலை இழந்து மக்கள் ஊர் திரும்பியபோது, மத்திய அரசே கூடுதலாக 40,000 கோடி ரூபாயை இத்திட்டத்திற்கு ஒதுக்கியது. குறைகளும் இல்லாமல் இல்லை. போலி வருகைப் பதிவு, பயன்தராத பணிகள் என்ற புகார்கள் பல ஆண்டுகளாக உண்டு. கூலி தாமதமாவதும் உண்டு. 2025 ஜனவரியில் 1,056 கோடி ரூபாய் கூலி நிலுவையை விடுவிக்கக் கோரித் தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

இந்தப் பின்னணியில், பழைய சட்டத்திற்கு மாற்றாக 'விக்சித் பாரத் - ஜி ராம் ஜி' சட்டத்தை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 100 நாள் 125 நாளாகிறது என்பதே அதன் பெரிய அறிவிப்பு. ஆனால் வேறு மூன்று மாற்றங்களையும் நாம் கவனிக்க வேண்டும். முன்பு உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசே ஏற்றது; புதிய சட்டப்படி தமிழகம் போன்ற மாநிலங்கள் செலவில் 40 விழுக்காட்டை ஏற்க வேண்டும். முன்பு கேட்பவர்களின் எண்ணிக்கைக்கேற்ப நிதி வர வேண்டும். இனி மாநிலத்திற்கு இவ்வளவு என்று மத்திய அரசு வரையறுக்கும், அதற்கு மேலான செலவு மாநிலத்தைச் சாரும். மேலும், விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு 60 நாள்கள் வரை பணிகள் நிறுத்தப்படும்.

விவசாயத்திற்கு ஆள் கிடைக்கும், முறைகேடு குறையும், மாநிலங்களும் பொறுப்பேற்கும் என்கிறது அரசு. எதிர்ப்பவர்களோ, நிதிக்கு எல்லை கட்டிவிட்டால் உரிமை ஏட்டளவில் நின்றுவிடும் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. 100 நாள் என்று சட்டம் சொன்ன காலத்திலேயே, வேலை பெற்ற குடும்பங்களுக்குத் தேசிய அளவில் சராசரியாகக் கிடைத்தது ஏறக்குறைய 50 நாள்களே. பணம் வராவிட்டால், எண்ணை உயர்த்துவதால் மட்டும் அடுப்பு எரியுமா?

நம் ஊருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. நெல்லுக்கு விதைப்பும் அறுவடையும் குறிப்பிட்ட காலத்தில் வரும். மல்லிகைக்கு அப்படியில்லை. கோடையில் பூ குவியும்; மார்கழிப் பனியில் வரத்து குறையும்; ஆனால் பறிப்பு தினமும் உண்டு. நெல்லை மனத்தில் வைத்து 60 நாள்களைக் குறித்தால் பூந்தோட்டக்காரருக்கும் பயனில்லை, கூலிக்காரருக்கும் வேலையில்லை. பகுதிக்கேற்ப நாள்களை அறிவிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதை உள்ளூர் மக்களைக் கேட்டு முடிவு செய்வதே முறை.

நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைச் 'சோம்பேறிகள்' என்று ஏளனம் செய்யும் பழக்கம் நம்மிடையேயும் உண்டு. ஆண்டவர் இயேசு சொன்ன திராட்சைத் தோட்ட உவமையை நினைத்துப் பார்ப்போம். மாலைவரை சந்தைவெளியில் நின்றவர்கள் உழைக்க மனமில்லாதவர்கள் அல்லர். அவர்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலும், தொழிலாளி பசியால் நெருக்கப்பட்டு ஒப்புக்கொண்ட கூலி என்பதாலேயே அது நீதியான கூலி ஆகிவிடாது என்று கற்பிக்கிறது. மாற்று வேலை ஒன்று இருந்தால்தான் ஏழை தன் கூலியைப் பற்றிப் பேச முடியும். அதேவேளை, விலை நிலையில்லாத பூவை நம்பியிருக்கும் சிறு விவசாயி கூலியை உயர்த்திக் கொடுக்க வேண்டுமானால், அவருடைய விளைச்சலுக்கும் கட்டுப்படியாகும் விலை கிடைக்க வேண்டும். இருவரையும் மோதவிடுவதால் இருவருக்கும் நன்மை இல்லை.

மே முதல் நாள் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழா. தமிழகத்தில் கிராம சபை கூடும் நாளும் அதுவே. அன்று திருப்பலி முடிந்ததும் கிராம சபைக்கும் செல்வோம். எத்தனை குடும்பங்கள் வேலை கேட்டன, எத்தனை நாள் கிடைத்தது, கூலி எப்போது வந்தது, எந்த மாதங்களில் நிறுத்தம் என்று தோட்டக்காரரும் கூலிக்காரரும் சேர்ந்தே கேட்போம். அப்படிக் கேட்கும் மக்கள் இருக்கும் ஊரில்தான் சட்டத்தில் எழுதிய நாள்கள் வீட்டுக்கு வரும் கூலியாக மாறும்.