பழைய கேம்களின் புதிய தொகுப்பு: காசு கொடுத்து நாம் வாங்குவது எதை?

2000-களில் வீட்டுக்கு கம்ப்யூட்டர் வந்தவர்களுக்கும், பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்தவர்களுக்கும் 'ஜிடிஏ வைஸ் சிட்டி' பற்றி அறிமுகம் தேவையில்லை. மிஷன் எதையும் முடிக்காமல், கிடைத்த காரை எடுத்துக்கொண்டு, ரேடியோவில் பாட்டு போட்டு ஊர் சுற்றிய தலைமுறை அது.

2021 அக்டோபரில் அந்த ரசிகர்களுக்கு இரண்டு செய்திகள் சேர்ந்தே வந்தன. ஜிடிஏ 3, வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் மூன்றையும் புதுப்பித்து ஒரே தொகுப்பாக ராக்ஸ்டார் நிறுவனம் வெளியிடுகிறது என்பது ஒன்று. பழைய மூன்று கேம்களும் டிஜிட்டல் கடைகளில் இருந்து எடுக்கப்படுகின்றன என்பது இன்னொன்று.

நவம்பர் 11 அன்று தொகுப்பு வந்தது. பொம்மை போல மாறிப்போன முகங்கள், ரோடே தெரியாத அளவுக்கு மழை, திரும்பிய பக்கமெல்லாம் பிழைகள். வைஸ் சிட்டி ரேடியோவில் 2002-ல் ஒலித்த சில பாடல்களும் இல்லை. சுமார் ஒரு வாரத்தில் ராக்ஸ்டார் மன்னிப்பு கேட்டது. கம்ப்யூட்டருக்கான பழைய வெர்ஷன்களைத் தன் கடையில் மறுபடி வைப்பதாகவும் சொன்னது.

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் என்று எந்தக் கடையைத் திறந்தாலும் இப்போது 'கலெக்‌ஷன்', 'ஆனிவர்சரி', 'ஆரிஜின்ஸ்' என்ற பெயரில் பழைய கேம்களின் தொகுப்புகள் வரிசை கட்டி நிற்கின்றன. சின்ன வயசு ஞாபகத்துக்காக வாங்குகிறோம், வார இறுதியில் விளையாடுகிறோம், முடிந்தது. இதில் பிரச்னை என்ன இருக்கிறது? இருக்கிறது. ஒரு பழைய கேம் பிழைக்குமா, எந்த உருவில் பிழைக்கும் என்பதை இன்று பெரும்பாலும் இந்தத் தொகுப்புகள்தான் முடிவு செய்கின்றன.

தொகுப்புக்குள் என்ன இருக்கிறது?

இது புது ஐடியா இல்லை. 1993-லேயே சூப்பர் நின்டெண்டோ கன்சோலுக்கு 'சூப்பர் மாரியோ ஆல்-ஸ்டார்ஸ்' வந்துவிட்டது. முந்தைய கன்சோலின் மாரியோ கேம்களைப் புதிய கிராஃபிக்ஸோடு ஒரே கேசட்டில் போட்டுக் கொடுத்தார்கள்.

இன்று வரும் தொகுப்புகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையில் பழைய கேம் அப்படியே ஓடும். அந்தக் காலத்து மெஷினைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு சாஃப்ட்வேர் உள்ளே இருக்கும். அதன் பெயர் எமுலேட்டர். பழைய கேம் ஃபைலுக்கு, தான் 1988-ன் கன்சோலில் ஓடிக்கொண்டிருப்பதாகவே நினைப்பு. 2019-ல் கொனாமி வெளியிட்ட 'காண்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன்' இந்த வகை.

இரண்டாவது வகை ரீமாஸ்டர். பழைய கேமின் கோடை எடுத்து, புதிய இன்ஜினில் ஏற்றி, படத்தையும் ஒலியையும் மாற்றித் தருவது. மேலே சொன்ன ஜிடிஏ தொகுப்பு இப்படி வந்ததுதான். இதில் பழையது அப்படியே வருவதில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து எதை வைப்பது, எதை மாற்றுவது என்று முடிவெடுத்திருப்பார்.

எமுலேட்டர் என்றாலே பைரசி என்று கேம் நிறுவனங்கள் நீண்ட காலம் பேசி வந்தன. ஆனா, 2018-ல் சோனி விற்ற 'பிளேஸ்டேஷன் கிளாசிக்' என்ற குட்டி கன்சோலுக்குள் இருந்தது எது தெரியுமா? ரசிகர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து உருவாக்கிய ஓப்பன் சோர்ஸ் எமுலேட்டர்.

கம்பெனிகளுக்கு ஏன் இவ்வளவு ஆர்வம்?

கணக்கு எளிது. இன்று ஒரு பெரிய கேம் உருவாக்க நூற்றுக்கணக்கான பேர் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். பழைய கேமோ ஏற்கெனவே உருவாக்கப்பட்டது, பெயரும் தெரிந்தது. அதை விளையாடிய பிள்ளைகள் இன்று மாதச் சம்பளம் வாங்குகிறார்கள்.

2020 செப்டம்பர் 18 அன்று நின்டெண்டோ 'சூப்பர் மாரியோ 3டி ஆல்-ஸ்டார்ஸ்' தொகுப்பை வெளியிட்டது. உள்ளே இருந்தவை 1996, 2002, 2007-ல் வந்த மூன்று மாரியோ கேம்கள். பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் சுமார் ஆறு மாதத்தில் 90 லட்சம் பிரதிகள் விற்றன.

ஆறு மாதம் என்பது தற்செயல் அல்ல. 2021 மார்ச் 31-க்குப் பிறகு இந்தத் தொகுப்பு கிடைக்காது என்று நின்டெண்டோ முதலிலேயே சொல்லிவிட்டது. டிஜிட்டல் பிரதிக்கு குடோன் வேண்டாம், ஸ்டாக் தீராது. இருந்தும் தேதி குறித்து விற்பனையை நிறுத்தினார்கள். 'இப்போ விட்டா கிடைக்காது' என்ற பதற்றமும் விற்பனைக்கு உதவியது.

சேகா இன்னொரு வழியில் போனது. 2022 ஜூன் 23 அன்று 'சோனிக் ஆரிஜின்ஸ்' தொகுப்பு வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே, மே 20 அன்று, தனித்தனியாகக் குறைந்த விலைக்குக் கிடைத்த பழைய சோனிக் கேம்கள் பெரும்பாலான டிஜிட்டல் கடைகளில் இருந்து எடுக்கப்பட்டன. தொகுப்பில் வந்த 'சோனிக் 3' கேமில் சில இடங்களில் 1994-ல் இருந்த இசைக்குப் பதில் வேறு இசை. அந்த ட்யூனை வைத்தே அந்த லெவலை ஞாபகம் வைத்திருப்பவருக்கு இது சின்ன மாற்றம் இல்லை.

உங்களுக்குப் பிடித்த கேம் ஏன் வருவதில்லை?

ஒரு சினிமாவின் ஓடிடி உரிமை ஒருவரிடமும் பாடல் உரிமை இன்னொருவரிடமும் இருந்தால் என்ன ஆகும்? கேம்களிலும் அதே சிக்கல்தான். கேம் ஒருவருடையது, கதாபாத்திரம் இன்னொருவருடையது, பாட்டு மூன்றாமவருடையது. எல்லோரும் கையெழுத்து போட்டால்தான் தொகுப்பு.

'மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2' இதற்கு நல்ல உதாரணம். 2000-ல் ஆர்கேடில் வந்த சண்டை கேம். 2009-ல் அன்றைய கன்சோல்களில் டிஜிட்டலாக வந்தது. 2013 டிசம்பரில் கடைகளில் இருந்து மறைந்தது. பிறகு ரசிகர்கள் இணையத்தில் இயக்கமே நடத்தினார்கள். 2024 செப்டம்பரில் ஏழு கேம்கள் கொண்ட தொகுப்பில்தான் அது திரும்பி வந்தது. இடையில் பத்து ஆண்டுக்கும் மேல், காசு கொடுக்கத் தயாராக இருந்தவருக்கும் கன்சோல்களின் டிஜிட்டல் கடைகளில் அதைப் புதிதாக வாங்க வழி இல்லை.

அதே 2024-ல் டெட்ரிஸின் 40-வது ஆண்டை ஒட்டி 'டெட்ரிஸ் ஃபாரெவர்' வந்தது. அந்த கேமின் வரலாற்றையே சொல்லும் தொகுப்பு. ஆனால் உலகத்துக்கே டெட்ரிஸைக் கொண்டு சேர்த்த கேம் பாய் வெர்ஷன் அதில் இல்லை. அதை வெளியிட்டது நின்டெண்டோ.

உரிமை கையில் இருந்தாலும் சில நேரம் கேமே கையில் இருக்காது. 2012-ல் வந்த தொகுப்புக்காக 'சைலன்ட் ஹில்' கேம்களைப் புதுப்பிக்கக் கிளம்பியபோது, இறுதி வடிவத்தின் சோர்ஸ் கோடு கொனாமியிடம் இல்லை. முழுமையடையாத பழைய கோடை வைத்து வேலை செய்தார்கள். ஒரு தடவை சரிசெய்த பிழைகளையே திரும்பச் சரிசெய்ய வேண்டியிருந்தது. வெளிவந்த தொகுப்பைப் பார்த்து ரசிகர்கள் நொந்துபோனார்கள். விற்று முடித்த சரக்கைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அந்தக் காலத்தில் பலருக்கும் தோன்றவில்லை.

100-ல் 13 மட்டுமே

இந்த இழப்பு எவ்வளவு பெரியது? அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனும் சாஃப்ட்வேர் பிரிசர்வேஷன் நெட்வொர்க்கும் 2023 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டன. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் இன்றும் கடையில் வாங்கக் கிடைப்பவை 13 சதவீதம் மட்டுமே. மீதி 87 சதவீதத்தை விளையாட வேண்டும் என்றால் பழைய மெஷினையும் கேசட்டையும் தேடிப்பிடிக்க வேண்டும், அல்லது ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போக வேண்டும், அல்லது திருட்டுக் காப்பி.

சரி, நூலகங்களாவது உதவலாமே? புத்தகத்துக்கும் ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் இருக்கும் வசதியைப் போல, பழைய கேம்களையும் ஆய்வாளர்கள் வீட்டில் இருந்தே பார்க்க அனுமதி கேட்டார்கள். கேம் நிறுவனங்களின் சங்கம் எதிர்த்தது. 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அந்தக் கோரிக்கையை மறுத்துவிட்டது.

பதிப்புரிமை முடியும்வரை காத்திருக்கலாமா? அமெரிக்கச் சட்டப்படி நிறுவனத்தின் பெயரில் வெளியான படைப்புக்கு, வெளியானதில் இருந்து 95 ஆண்டுகள் பாதுகாப்பு. அந்தக் கணக்கில் 1985-ன் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' அங்கே பொதுச்சொத்தாக 2081 ஆக வேண்டும். அதற்குள் நம் பேரப்பிள்ளைகளே ரிட்டயர்மென்ட் பற்றி யோசிக்க ஆரம்பித்திருக்கலாம்.

அதனால்தான் தொகுப்புகளை வெறும் பழைய ஞாபக வியாபாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. சட்டப்படி ஒரு பழைய கேம் சாதாரண மக்களிடம் திரும்பி வர, இப்போதைக்கு இருக்கும் முக்கியமான கதவு இதுதான். சாவி நிறுவனத்திடம் இருக்கிறது.

நன்றாகவும் செய்ய முடியுமா?

முடியும். 2022 நவம்பரில் வந்த 'அடாரி 50' அதற்குச் சாட்சி. டிஜிட்டல் எக்லிப்ஸ் என்ற ஸ்டூடியோ உருவாக்கியது. நூறுக்கும் மேற்பட்ட கேம்கள். ஆனால் அவற்றை வெறும் பட்டியலாக அடுக்கவில்லை. ஆண்டு வாரியாக நகரும் காலவரிசையில் கேமை உருவாக்கியவர்களின் வீடியோ பேட்டி, டிசைன் குறிப்புகள், பழைய விளம்பரங்கள் எல்லாம் உண்டு. ஒரு கேம் எப்படிப் பிறந்தது என்று படித்துவிட்டு, அங்கேயே பட்டனை அழுத்தி விளையாடலாம். தோற்றுப்போன கேம்களையும் ஒளித்து வைக்கவில்லை. நல்ல மியூசியத்துக்குள் போய் வந்த மாதிரி இருக்கும்.

இந்தியாவில் நம் நிலை என்ன?

1990-களில் இங்கே பலர் வீட்டில் 'டிவி கேம்' என்ற பெயரில் இருந்தது நின்டெண்டோ கன்சோலின் நகல். '9999 இன் 1' என்று எழுதிய கேசட்டுக்குள் உண்மையில் இருந்தது சில கேம்கள்தான், அவையே வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். காண்ட்ராவைக் கரைத்துக் குடித்தவர்களில் பலருக்கு கொனாமி என்ற பெயரே தெரியாது. இப்போது வரும் தொகுப்புதான் அவர்கள் முதல்முறை காசு கொடுத்து முறையாக வாங்கும் காண்ட்ரா.

இன்றும் எல்லாம் நேரடியாகக் கிடைப்பதில்லை. நின்டெண்டோ ஸ்விட்ச் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படவில்லை, இறக்குமதி செய்யும் கடைகளை நம்ப வேண்டும். பிளேஸ்டேஷன் பிளஸ் டீலக்ஸ் சந்தாவில் பழைய கேம்கள் சில கிடைக்கின்றன. ஆனா சந்தா நின்றால் அவையும் நிற்கும்.

வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்க

ஒன்று, எந்த வெர்ஷன்? பிளேஸ்டேஷன் கிளாசிக்கில் இருந்த 20 கேம்களில் 9 கேம்கள் ஐரோப்பிய டிவிக்கான வெர்ஷன்கள். நொடிக்கு 60 முறை மாற வேண்டிய படம் 50 முறை மாறும். அதனால் சில கேம்கள் மெதுவாகவே ஓடும்.

இரண்டு, ஒரிஜினல் உள்ளே இருக்கிறதா? புதுப்பித்த வடிவத்தோடு பழையதையும் சேர்த்துத் தரும் தொகுப்பு என்றால் தாராளமாக வாங்கலாம். பாட்டு, வசனம், லெவல் எதையாவது நீக்கியிருக்கிறார்களா என்று விமர்சனங்களில் தேடுங்கள்.

மூன்று, டிஸ்க்கில் கேம் இருக்கிறதா? சில பெட்டிகளுக்குள் டவுன்லோட் கோடு எழுதிய காகிதம் மட்டும்தான் இருக்கும். நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு வரும் 'கேம் கீ கார்டு' வகையிலும் கார்டுக்குள் கேம் இல்லை, அதை டவுன்லோட் செய்யும் அனுமதி மட்டுமே உண்டு.

நான்கு, நீங்கள் வாங்குவது உரிமமா, பொருளா? கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. விற்பது வெறும் உரிமம் என்றால், அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற பட்டனை டிஜிட்டல் கடைகள் வைக்கக் கூடாது. நம் ஊரில் அப்படி எச்சரிக்கும் சட்டம் இல்லாவிட்டாலும், நாம் வாங்குவது பெரும்பாலும் அதே உரிமம்தான். 2023 மார்ச் 27 அன்று நின்டெண்டோ வீ யூ, 3டிஎஸ் ஆன்லைன் கடைகள் மூடப்பட்டபோது, அங்கே மட்டுமே கிடைத்த கேம்களைப் புதிதாக வாங்கும் வழி முடிந்துபோனது.

ஐந்து, பழைய டிஸ்க்கோ கேசட்டோ வீட்டுப் பரணில் இருந்தால், தொகுப்பு வந்துவிட்டதே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வைஸ் சிட்டியை 2002-ல் இருந்தபடியே, அதே பாட்டுகளோடு கேட்க வேண்டும் என்றால், இப்போதைக்கு அந்தப் பழைய டிஸ்க்தான் கைகொடுக்கும்.