46 நகர்த்தல், அரை பாயின்ட்

"டிராவா? அப்போ பாக்க வேணாம்." உலக செஸ் சாம்பியன்ஷிப் நடந்தப்போ நம்ம ஹாஸ்டல்ல அதிகம் கேட்ட வசனம் இதுதான். இப்படிச் சொல்றவங்ககிட்ட ஒரே ஒரு டிராவை மட்டும் பார்க்கச் சொல்றேன்: 2024 டிசம்பர் 1, சிங்கப்பூர், ஆறாவது கேம்.

வெள்ளைக் காய் டிங் லிரெனுக்கு. ஆடினது லண்டன் சிஸ்டம்: ராணி முன்னாடி இருக்கிற சிப்பாய் ரெண்டு கட்டம், குதிரை, அப்புறம் பிஷப் எஃப்4. யூடியூப்ல "பத்து நிமிஷத்துல கத்துக்கலாம்"னு விக்கிற அதே ஓப்பனிங். சோம்பேறிங்க ஆட்டம்னு கிண்டல் பண்ணுவோம்ல, அதை வெச்சே டிங் வேகவேகமா ஆடி குகேஷை நெருக்கிட்டார்.

இப்போ ரூல் ஒண்ணு தெரிஞ்சாகணும். அந்தப் போட்டியில 40 நகர்த்தலுக்கு முன்னாடி பேசிவெச்சு டிரா பண்ண முடியாது. ஆனா ஒரே பொசிஷன் மூணு தடவை வந்தா டிரா கேட்கலாம். டிங் அந்த வழியைத் திறந்து விட்டார். கம்ப்யூட்டர் கணக்குப்படி குகேஷ் நிலைமைதான் கொஞ்சம் மோசம். நீங்களோ நானோ சந்தோஷமா கை கொடுத்திருப்போம். அவர் 26ஆவது நகர்த்தல்ல ராணியை எச்4க்குக் கொண்டுபோய், "இன்னும் ஆடலாம்"ங்கிற மாதிரி உட்கார்ந்தார்.

திமிர்னு சில பேர் சொன்னாங்க. எனக்கு அப்படித் தெரியலை. நல்ல பொசிஷன்ல இருக்கிறவரே சமாதானத்துக்கு வர்றார்னா, அவருக்குத் தன் மேலேயே நம்பிக்கை குறைவு. குகேஷ் படிச்சது போர்டை மட்டும் இல்லை, எதிர்ல இருந்த ஆளையும். 46 நகர்த்தலுக்கு அப்புறம் டிராதான், ஸ்கோர் 3-3. ஆனா சும்மா அரை பாயின்ட் கிடைக்காதுன்னு டிங்குக்குப் புரிஞ்சிருக்கும்.

டிசம்பர் 12, கடைசி கேம். டிங் காய்களை வெட்டி வெட்டி டிராவை நோக்கியே போனார். ஒரு சிப்பாய் குறைஞ்சாலும் தாங்கியிருக்கலாம். குகேஷ் விடாம ஆடிட்டே இருந்தார். 55ஆவது நகர்த்தல்ல டிங் யானையை எஃப்2ல வெச்சார், முடிஞ்சது. 7.5-6.5.

(இதைப் படிச்சிட்டு ஓசூர் சிப்காட்ல கிடைச்ச வேலையை உதறிட்டு அத்திப்பள்ளி தாண்டி ஓடணும்னு யாரும் கிளம்பாதீங்க. நான் செஸ் பத்தி மட்டும்தான் பேசுறேன்.)

ஸ்கோர் மட்டும் பார்த்தா ஆறாவது கேம்ல ஒண்ணுமே நடக்கலை. இன்னிக்கு ராத்திரி என்ஜினை ஆஃப் பண்ணிட்டு, போர்டுல 25 நகர்த்தல் வரைக்கும் வெச்சுப் பாருங்க. ரிபீட் பண்ணுவீங்களா, ராணியை எடுப்பீங்களா? மெஸ்ல சண்டை போடலாம்.