எஞ்சியதை உண்ணும் உயிர்

ஊர்ப்புறத்து வீடுகளின் கொல்லையில் கல்தொட்டி ஒன்று கிடக்கும். அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், ஒரு கை தவிடு, ஊறவைத்த பிண்ணாக்கு என வீட்டில் எஞ்சியவையெல்லாம் மாலைக்குள் அதில் வந்து சேரும். உழுது திரும்பிய மாடு மூக்கு மூழ்க அதைக் குடிக்கும். பக்கத்தில் வைக்கோற்போர் கூரையளவு உயர்ந்து நிற்கும். நெல்லின் மணி மனிதர்க்கு, தாள் மாட்டுக்கு, உமி அடுப்புக்கு எனப் பிரித்துக்கொண்ட அந்த ஏற்பாட்டுக்கு நம் முன்னோர் தனிப்பெயர் எதுவும் சூட்டவில்லை.

இன்று அதே ஏற்பாடு, இறைச்சிக்காக மாடு வளர்க்கும் நாடுகளில் பெருந்தொழிலாகியிருக்கிறது. சாராய ஆலையின் சக்கை, எண்ணெய் ஆலையின் பிண்ணாக்கு, பழச்சாற்று ஆலையின் தோல் ஆகியவற்றை ஏற்றிய லாரிகள் மாட்டுப் பண்ணைகளை நோக்கி நாள்தோறும் செல்கின்றன. வேளாண்மையின் எச்சங்களை மாட்டுக்கு ஊட்டுவது முறையா என்று கேட்டால், முறையே என்பது என் கருத்து. ஆயினும் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்நிபந்தனையை மறந்த நாடு ஒன்று கொடுத்த விலை சிறிதன்று.

முதலில் மாட்டின் வயிற்றைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். அது நான்கு அறைகள் கொண்டது. முதல் அறை வளர்ந்த மாட்டில் நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும். வைக்கோலிலுள்ள செல்லுலோசை உடைக்கும் நொதி நம் உடலில் சுரப்பதில்லை. வியப்பு என்னவென்றால், மாட்டின் உடலிலும் சுரப்பதில்லை. முதல் அறையில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களே அவ்வேலையைச் செய்கின்றன. அவை நாரை நொதிக்கச் செய்து கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன; மாடு அவற்றிலிருந்து ஆற்றல் பெறுகிறது. பின்னர் அந்நுண்ணுயிர்களே அடுத்த அறைகளுக்குத் தள்ளப்பட்டு, செரிக்கப்பட்டு, மாட்டுக்குப் புரதமாகின்றன. மனிதன் உண்ண இயலாத ஒன்றை மனிதன் உண்ணக்கூடியதாக மாற்றுவதே இவ்வயிற்றின் சிறப்பு.

இச்சிறப்பைக் கொண்ட உயிருக்கு மனிதன் உண்ணும் தானியத்தையே மலையாகக் கொட்டிய காலமும் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் மக்காச்சோளம் மலிந்தது. மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்த இளங்காளைகளைத் திறந்த பட்டிகளில் அடைத்து, கடைசிச் சில மாதங்கள் தானியம் ஊட்டிக் கொழுக்கவைக்கும் முறை பரவியது. மாவுச்சத்து முதல் அறையில் விரைந்து நொதிப்பதால் அமிலம் மிகும். அளவு தப்பினால் மாடு நோயுறும். புல்லுக்கென அமைந்த வயிற்றில் தானியத்தைத் திணித்துவிட்டு, அதனால் வரும் நோய்க்கு மருந்தும் கொடுப்பதை என்னால் அறிவுடைய செயலாகக் கருத முடியவில்லை. உலகக் கால்நடைகள் உண்பவற்றுள் உலர்எடைக் கணக்கில் 86 விழுக்காடு மனிதர் உண்ண இயலாதவை என 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பைச் சார்ந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். ஆறுதலான செய்திதான். எஞ்சிய 14 விழுக்காடும் சிறிதன்று என்பதை உடன் நினைக்க வேண்டும்.

தானியத்திலிருந்து எச்சத்துக்குத் தீவனம் திரும்பிய கதையை அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் தெளிவாகக் காணலாம். அங்கே மக்காச்சோள வயலும் எத்தனால் ஆலையும் மாட்டுப்பட்டியும் அருகருகே உள்ளன. வாகன எரிபொருளில் எத்தனால் கலப்பதை அந்நாடு 2005இல் சட்டமாக்கி, 2007இல் அதன் அளவை உயர்த்தியபின் ஆலைகள் பெருகின. ஆலைக்குள் செல்லும் மக்காச்சோளத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எத்தனாலாகிறது; ஒரு பங்கு கரியமில வாயுவாகிப் பறந்துவிடுகிறது; ஒரு பங்கு சக்கையாக நிற்கிறது. ஈரச்சக்கையில் மூன்றில் இரு பங்கு நீர். கோடையில் சில நாள்களிலேயே கெட்டுவிடும். ஆகவே, ஆலைக்கு அருகிலுள்ள பட்டிகளே அதனை உடனுக்குடன் வாங்கிக்கொள்கின்றன.

இச்சக்கையின் இயல்பு நுட்பமானது. நொதித்தலில் மாவுச்சத்து மட்டுமே தீர்கிறது. ஆதலால் புரதமும் கொழுப்பும் நாரும் சக்கையில் ஏறத்தாழ மும்மடங்கு செறிகின்றன. மக்காச்சோளத்தில் எட்டு அல்லது ஒன்பது விழுக்காடு இருந்த புரதம் உலர்ந்த சக்கையில் முப்பதை நெருங்குகிறது. மாவுச்சத்து நீங்கியதால் அமிலத் தொல்லையும் குறைகிறது. இதுவரை நன்று. ஆனால், செறிவது நல்லது மட்டுமன்று. பூசணம் பிடித்த மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு இருந்தால் அதுவும் மும்மடங்காகிறது. ஆலையில் சேர்க்கும் கந்தக அமிலத்தின் எச்சம் சக்கையோடு வருகிறது. கந்தகம் மிகுந்தால் மாட்டின் மூளை மென்மையுற்று நோய் காணும். பார்வை இழந்த மாடு சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்று, பின்பு வீழும். எனவே கவனமுள்ள பண்ணையாளர் ஒவ்வொரு சுமையையும் ஆய்ந்து, குடிநீரிலுள்ள கந்தகத்தையும் கூட்டிக் கணக்கிட்டு, அதன் பின்னரே தீவனம் கலக்கிறார்.

இங்கே இன்னொரு வினாவும் எழுகிறது. அந்நாட்டில் விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எத்தனால் ஆலைக்குப் போகிறது. சக்கைக்கு விலை உண்டு, சந்தை உண்டு, அது கடல் கடந்தும் விற்கப்படுகிறது. ஆலையின் வருவாயில் ஒரு பகுதியாகிவிட்ட பொருளை 'எச்சம்' என்று சொல்லலாமா? வாகனத்துக்காகவே உழப்பட்ட நிலத்தின் கணக்கை மறைத்துவிட்டு, 'எங்கள் மாடு கழிவைத்தான் தின்கிறது' என்று பெருமை கொள்வது பாதி உண்மையே.

பருத்தி இதனினும் பழைய சான்று. டெக்சாசில் பருத்தி விதையிலிருந்து எண்ணெய் எடுத்த ஆலைகள், பிண்ணாக்கையும் விதைத்தோலையும் கொண்டு ஆலையை ஒட்டியே காளைகளைக் கொழுக்கவைத்தன. நம் உழவரும் பருத்திக்கொட்டையை ஆட்டிப் பாலெடுத்துக் கறவை மாட்டுக்கு ஊற்றுவர். அவ்விதையில் காசிப்பால் என்ற நஞ்சு உண்டு. வளர்ந்த மாட்டின் முதல் அறை அதனை ஓரளவு கட்டிப்போட்டுவிடும். முதல் அறை வளராத இளங்கன்றுக்கு அவ்வாற்றல் இல்லை.

இனி, பிரிட்டன். இறைச்சிக்கூடத்தில் எஞ்சும் எலும்பையும் சதைத் துணுக்கையும் வேகவைத்து, கொழுப்பு நீக்கி, உலர்த்தி அரைத்தால் புரதம் மிகுந்த மாவு கிடைக்கும். அதனைக் கால்நடைத் தீவனத்தில் கலப்பது அங்கே பல்லாண்டுகளாக நடந்த வழக்கம். எறிய வேண்டியதைப் பயன்படுத்துவது சிக்கனம்தானே என்று எல்லாரும் எண்ணினர். 1986இல் அந்நாட்டு மாடுகளிடையே புதிய நோயொன்று அடையாளம் காணப்பட்டது. மாடு நடுங்கியது, கால் தடுமாறியது, அஞ்சி மிரண்டது, இறந்தபின் மூளையைச் சோதித்தால் பஞ்சுபோல் துளைபட்டிருந்தது. பிரியான் எனப்படும் உருத்திரிந்த புரதமே காரணம். வெப்பத்தால் எளிதில் அழியாத அது, நோயுற்ற மாட்டின் உடலிலிருந்து எலும்பு மாவின் வழியே நலமுள்ள மாட்டின் உடலுக்குச் சென்றது. தாவரம் உண்ணும் உயிருக்குத் தன் இனத்தின் உடலையே உணவாகக் கொடுத்திருந்தனர்.

அசைபோடும் விலங்குகளின் உடலிலிருந்து பெற்ற புரதத்தை அத்தகைய விலங்குகளுக்கே ஊட்டுவது 1988இல் தடை செய்யப்பட்டது. நோயோ வெளிப்பட ஆண்டுகள் பல எடுத்துக்கொள்வது. 1,80,000க்கும் மேற்பட்ட மாடுகளில் அது உறுதி செய்யப்பட்டது. பரவலைத் தடுக்கவும் மக்களின் நம்பிக்கையை மீட்கவும் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் கொல்லப்பட்டன. 1996 மார்ச்சில், மனிதரிடையே தோன்றிய புதிய மூளை நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது. பிரிட்டனில் மட்டும் 170க்கும் மேற்பட்டோர் அந்நோயால் இறந்தனர். அவர்களுள் பலர் இளைஞர். மூட்டையிலிருந்த புரதம் எதிலிருந்து வந்தது என்பதே பல உழவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இதுவே நான் முதலில் குறித்த நிபந்தனை. மாட்டின் தொட்டியில் விழும் ஒவ்வொரு பொருளும் எங்கு விளைந்தது, எவ்வாலையில் எவ்வாறு பதப்பட்டது, அதனோடு என்ன சேர்ந்தது என்பது ஊட்டுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிவிக்கும் கடமை விற்பவருக்கு உண்டு. கொல்லைத் தொட்டியில் இந்த அறிவு இயல்பாகவே இருந்தது; கஞ்சியை வடித்தவரே அதைத் தொட்டியிலும் ஊற்றினார். ஆலைக்கும் பட்டிக்கும் இடையே நூறு கல் தொலைவு வந்தபோது அவ்வறிவு அறுந்தது. அதனைச் சட்டத்தாலும் சோதனையாலும் மட்டுமே மீட்க முடியும். அதற்குச் செலவாகும், அச்செலவைச் சேர்த்தே இறைச்சியின் விலையைக் கணக்கிட வேண்டும்.

தாளை மாட்டுக்குக் கொடுக்காமல் மண்ணுக்கே திருப்பலாமே என்று சிலர் கூறுவர். அவர்கள் கூற்றில் பொருள் உண்டு. வைக்கோலில் சாம்பல்சத்து மிகுதி, அதை முற்றும் வாரிச் சென்றால் நிலம் மெலியும். சாணமாக அது வயலுக்குத் திரும்புமாயின் இழப்பு குறையும். சத்தற்ற வைக்கோலையே தின்று மெல்ல வளரும் மாடு, ஒரு கிலோ இறைச்சிக்கு வெளிவிடும் மீத்தேன் மிகுதி என்பதும் உண்மை. இதற்கு வைக்கோலைக் கைவிடுவதைவிட அதன் தரத்தை உயர்த்துவதே தக்க வழி என்று எண்ணுகிறேன்.

இதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. எருமை இறைச்சி ஏற்றுமதியில் இந்தியா முன்னணியில் உள்ளது. அவ்வெருமைகள் பெரும்பாலும் வைக்கோலையும் தவிட்டையும் உண்டு வளர்பவை. அதே நாட்டில், பஞ்சாபிலும் அரியானாவிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நெல் தாள் வயலிலேயே எரிக்கப்படுகிறது. கோதுமை விதைப்பதற்குள் கிடைக்கும் காலம் சில வாரமே. நெல் தாளில் மணற்சத்தான சிலிக்கா மிகுதி என்பதால் அப்பகுதி உழவர் கோதுமைத் தாளையே மாட்டுக்குச் சேமிக்கின்றனர்.

நெல் தாளை மேம்படுத்த எளிய வழியொன்று நெடுநாளாகவே உண்டு. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை ஏறத்தாழ அறுபது லிட்டர் நீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் வைக்கின்றனர். நார் இளகுகிறது, மூன்று, நான்கு விழுக்காடாக இருந்த புரத அளவு ஏழை எட்டுகிறது. மூடியைத் திறந்ததும் நெடி கண்ணைக் கரிக்கும். அது அடங்கும்வரை ஆறவிட்டு, முதல் நாள் சிறிதளவும் பின்பு படிப்படியாக மிகுதியாகவும் கொடுப்பர். ஆறு மாதம் நிரம்பாத கன்றின் முன் அதனை வைப்பதில்லை. யூரியா கரைத்த வாளியை எந்த மாடும் எட்டாத இடத்தில் கழுவிக் கவிழ்த்துவிடுவர்.